கச்சான் கொண்டுபோன தொப்பி

கிரான் சந்தியில் விடிய ஐந்தரைக்கு
என் ஓட்டோவில் ஏறினா உத்பலா.
கேகாலையில் கணக்குப் படிப்பிக்கிறவ.
கையில் மடிப்பெல்லாம் கிழிந்த வரைபடம்,
தலையில் வாழைப்பழ மஞ்சளில்
அகன்ற தொப்பி.

வருகிறவர்கள் பாசிக்குடா கேட்பார்கள்.
இடுப்பளவு கடலில் கனதூரம் நடந்து
ஆழம் எங்கே என்று திரும்பிக் கேட்பார்கள்.
ஒல்லாந்தர் கோட்டை கேட்பார்கள்,
பீரங்கியைத் தடவிவிட்டு
இளநீர் குடிப்பார்கள்.
இவ கேட்டது கல்லை.

"தொப்பிகல," என்றா.
"குடுமிமலையா?" என்றேன்.
வரைபடத்தைத் தொடையில் விரித்தா.
அதில் வெள்ளைக்காரன் போட்டது வேறு:
பிரபுவின் தொப்பி.
எந்தப் பிரபு, யாருக்கும் தெரியாது.

இரண்டு பேர் தொப்பி என்கிறார்கள்.
நாங்கள் குடுமி என்கிறோம்.
அது ஒரு தலை என்பதில் மட்டும்
எல்லாருக்கும் சம்மதம்.

மாரியில் இந்த ரோட்டு ஆற்றுக்குள் போய்விடும்,
தோணிதான்.
இப்போது ஆனி. புழுதி
எங்களுக்கு முன்னால் போய்
எங்களுக்காகக் காத்துநின்றது.
புலிபாய்ந்தகல் என்று பலகை.
"புலி எங்கே பாய்ந்தது?"
"கல்லில்."
அவ சிரிக்கவில்லை. நானும்.
ஒரு பழைய காவலரண்,
வெடித்த மண்மூட்டை,
அதற்குள்ளிருந்து எருக்கலை பூத்திருந்தது.

தூரத்தில்தான் அது தலை.
ஏறத் தொடங்கினால் முதுகு,
பிறகு முழங்கால்,
பிறகு வெறும் சூடு.
செருப்பைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன்.
உத்பலா படிகளை எண்ணிக்கொண்டு வந்தா,
படி இல்லாத இடத்திலும்.

உச்சியில்
ஒரு தட்டளவு தண்ணீர், பாறைக் குழியில்.
அதற்குள் வால்பேத்தைகள்,
கோடை என்று ஒன்று இருப்பதை
யாரும் சொல்லாத பிள்ளைகள்.
கீழே காடு. காட்டுக்குள் துண்டு துண்டாகக் குளம்.
கிழக்கே ஒரு நூல்,
கடல் என்றேன்.
நம்பாமல் பார்த்தா.

அப்போது கச்சான் வந்தது.
அது சொல்லிக்கொண்டு வருகிற காற்றல்ல.
மஞ்சள் தொப்பியைத் தூக்கி
ஒருமுறை எங்களுக்குக் காட்டி
காட்டின்மேல் கொண்டுபோனது.
அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தா.
அவிழ்ந்து பறந்த தலைமயிரை
இரண்டு கையாலும் அள்ளி
உச்சந்தலையில் முடிந்தா.
நான் கல்லைப் பார்த்தேன்,
அவவைப் பார்த்தேன்,
வாயைத் திறக்கவில்லை.

எட்டு நாள் கழித்து
பால் சேர்க்கிற இடத்தில்
குகதாசன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினான்.
பட்டிக்காரன். பால் கேனுக்குப் பக்கத்தில்
அதே தொப்பி, நிறையப் பாலைப்பழம்.
"உன்ட ஓட்டோவில வந்தவட தொப்பிதானே?
செவலை ஒருவாய் கடிச்சுப் போட்டுது.
பழம் அதுக்குத் தண்டம்."

விளிம்பில் பல்தடம் இருந்தது.

"தம்பி, அந்தக் கல்லுக்கு
நீங்க என்ன பேர் சொல்லுற?"
"எந்தக் கல்?"
காட்டினேன்.
"அதா? அதில முகில் தங்கினா
பட்டிய மேட்டுக்கு மாத்துவம்.
பேர் சொல்லிக் கூப்பிட
அது என்ன மாடா?"

பாலைப்பழம் கேகாலை வரைக்கும் தாங்காது.
தபால் கந்தோர் வாசலில் நின்று
நானே தின்றேன், கடைசிப் பழம் வரை.
தொப்பியை உதறி,
பேப்பரில் சுற்றி, நூல் கட்டி
ஜன்னலுக்குள் நீட்டினேன்.

"உள்ளுக்கு என்ன?"

பாலைப்பழத்தின் பிசின்
உதட்டை உதட்டோடு ஒட்டிவிட்டிருந்தது.
தொப்பி என்றாலும் குடுமி என்றாலும்
ஒருதரம் மூடித் திறக்கவேண்டிய உதடு.
மூடியது திறக்கவில்லை.

விரலால்
என் தலையைத் தொட்டுக் காட்டினேன்.