மாற்றுத் தாள்

செம்பூர் கிளை, மூன்றாம் எண் கவுன்ட்டர்.
நூறு எடுத்தால் நூறு வைக்க வேண்டும்,
அவ்வளவுதான் விதி.
ஐந்தரைக்குக் கணக்கு நேராகும்போது
எந்த நூறு என்று யாரும் கேட்பதில்லை.
இப்படித்தான் சேர்ந்தது எல்லாம்.

பழைய பத்தில்
காண்டாமிருகம், யானை, புலி
ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும்
ஏதோ கல்யாண வீட்டு போட்டோ மாதிரி.
பழைய இருபதில் கடல், கரையில் தென்னைகள்.
அவற்றின் கீழே ஒருவரும் இல்லை.
தேடிவிட்டேன், கண்ணாடி வைத்து.

கண்ணாடி
ஃபோர்ட் நடைபாதையில் கிழிந்த நோட்டு வாங்கும்
முர்த்துஸா பாயிடம் நாற்பது ரூபாய்க்கு எடுத்தது.
ஒரு ஓரத்தில் கீறல்.
அந்தக் கீறலைத் தள்ளி வைத்துப் பார்த்தால்
மொழிப் பட்டியில் மேலிருந்து பதின்மூன்றாவது வரி,
எறும்பு எழுதினது போல
நூறு ரூபாய்.
சில அச்சில் ரூவின் சுழி
மை அடைத்துக் குருடாகியிருக்கும்.
அதையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.
பக்கத்துக் கவுன்ட்டர் சுலபா தாம்ளே
தன் வரியைத் தேடினதில்லை.
அவளுக்குப் பேருந்துப் பலகையெல்லாம் அந்த எழுத்து.

முன்பக்கம் பாதிப் பூ
பின்பக்கம் பாதிப் பூ
வெளிச்சத்தில் பிடித்தால் முழுப் பூ.
மயிரிழை விலகியிருந்தால் வங்கிக்குப் பழுது,
முர்த்துஸா பாய்க்கு முந்நூறு ரூபாய்.
நான் விற்பதில்லை என்று அவருக்கும் தெரியும்.
ஆனாலும் ஒவ்வொரு முறையும் விலை சொல்வார்,
மரியாதைக்கு.

நட்சத்திரம் பற்றிச் சொன்னது சுலபாதான்,
நான் சேர்ந்த முதல் வாரத்தில்,
டப்பாவிலிருந்து போஹா தின்றுகொண்டே.
அச்சில் ஒரு தாள் கெட்டுப்போனால்
அந்த எண்ணை மறுபடி அடிக்க மாட்டார்களாம்.
வேறொரு தாளை அந்த இடத்தில் செருகி,
முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே
சின்னதாய் ஒரு நட்சத்திரம்.
கட்டில் நூறு, நூறாகவே இருக்கும்.
'சலேல்' என்றாள் மராத்தியில்.
செல்லும்.
அவள் எதையும் நினைத்துச் சொல்லவில்லை.
சொன்ன பிறகுதான்
ஸ்பூன் பாதியில் நின்றது.

கருணை அடிப்படையில் என்றிருந்தது
என் நியமனக் கடிதத்தில்.
அவருடைய நாற்காலி.
உயரம் இறக்கும் பிடி துருவேறி இறுகிவிட்டதால்
நான்கு மாதம்
கால் தரையில் படாமல் எண்ணினேன்.
பழைய வாடிக்கையாளர்கள்
தவசி சாப் என்று ஆரம்பித்து, நிமிர்ந்து,
சில்லறை கேட்டார்கள்.

அவர் நோட்டைப் பார்த்தே எண்ணினதில்லை, சத்தத்தில் எண்ணுவார்.
கட்டின் நடுவில் கள்ள நோட்டு இருந்தால்
காது திரும்புமாம்.
எனக்கு அந்தக் காது இல்லை.

போன வியாழன் புதுக் கட்டைப் பிரித்தபோது
ஏழாவதாக வந்தது நட்சத்திரம்.
என் பர்ஸில் ஒரு நூறு இருந்தது,
மீன்காரி கொடுத்தது, ஈரம் காயாமல்.
அதை வைத்தேன்,
இதை எடுத்தேன்.
கணக்கு நேரானது.

ராத்திரி ஆல்பத்தைத் திறந்து
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
இதற்கென்று ஒரு உறை
முன்பே எழுதி ஒட்டி வைத்திருந்தேன்.

காலையில் ஸ்டேஷன் வாசலில்
ஆட்டோக்காரரிடம் அதைத்தான் நீட்டினேன்.
திருப்பிக்கூடப் பார்க்கவில்லை,
இரண்டாய் மடித்துக் காக்கிச் சட்டைக்குள் செருகினார்.
மீதியில் வந்தது
ஓரம் நைந்த ஒரு பழைய இருபது.

வண்டி வர இன்னும் நேரமிருந்தது.
கண்ணாடியை எடுத்து
அந்தத் தென்னைகளின் கீழே
யாராவது வந்திருக்கிறார்களா
என்று பார்த்தேன்.