மூன்றாம் வருகை

சொஹாரில் ஆகஸ்ட். கண்ணாடிக்கு வெளியே
தண்ணீர் லாரி பின்னால் வரும் பீப் ஓசை.
சவரிராயனின் வலக்கை
யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல் மடியில்.
கிரேன் ஏறலாமா என்று கம்பெனிக்கு
என் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும்.

கதவு, எலுமிச்சை, கயிறு, நீலம், ஆணி.
திருப்பிச் சொன்னார். நினைவில் வைத்திருங்கள், கேட்பேன்.
நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழித்தோம்:
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
பிறகு
லாரி.

பதினொன்று பத்துக்குக் கடிகாரம் வரையச் சொன்னேன்.
இடக்கை வட்டம், கோணல்தான்,
ஆனால் மூடியது. பிப்ரவரியில் மூடவில்லை.
முட்கள் பன்னிரண்டு நாற்பதில்.
சுழி போடப் பேனாவைச் சாய்த்தேன்.
"அங்க மணி, சிஸ்டர்.
மரியபுஷ்பம் சோத்துக்கு உக்காந்திருப்பா."

ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டியவருக்கு
ஏழைக் கழிக்க வரவில்லை.
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை;
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்.

இப்போது அந்த ஐந்து சொற்கள்?
"கயிறு. ஆணி."
சுவரைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார்.
"முருங்கை."

இல்லை என்று சொல்ல வாயெடுத்துப்
பழைய தாளைப் புரட்டினேன்.
பிப்ரவரிப் பட்டியலில், நான்காவது.
அன்று எவ்வளவு கேட்டும்
வராத சொல்.