இருபது நிமிடம்

இராசகுலத்தின் இரத்தம் இரண்டு மில்லிலீற்றர்
சின்னக் கண்ணாடிக் குழாயில் நிற்கிறது.
அசைக்கக் கூடாது.
இருபது நிமிடம் கழித்து ஒருக்காச் சரித்துப் பார்க்க வேண்டும்:
ஓடினால் விஷம்,
ஒட்டினால் உயிர்.

மாலை வயலில் தண்ணி மறிக்கப் போன கால்.
கண்ணாடிப் புடையனை அடித்து
உரப்பைக்குள் கட்டிக்கொண்டு வந்திருந்தா
மனைவி புவனேசு, சாட்சிக்கு.
முதல் குழாய் பிளேன்ரீ போல ஓடியது.
பத்துக் குப்பி மருந்து ஏற்றி
அட்ரினலின் ஊசி கையெட்டில் வைத்து
ஒரு மணித்தியாலம் அவருடைய தோலையே பார்த்து நின்றேன்,
தடிப்பு எழும்புதோ என்று.

இடையில்
இரண்டு மோட்டார்சைக்கிள், மூன்று பெடியள், ஒரு மாடு,
எல்லாம் ஒரே விபத்து.
மாடு எழும்பிப் போய்விட்டதாம்.

இப்ப இரவு இரண்டு மணி. இரண்டாவது குழாய்.
மல்லாவியில் வெளிச்சம் உள்ள வீடு இது ஒன்றுதான்.
என்னுடைய இருபத்தாறாவது மணித்தியாலம்.
எழுதிய குறிப்பைத் திருப்பி வாசிக்கிறேன்,
நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
என் பெயர்.

‘அமலதாஸ், இந்த மருந்துக் கணக்கை
நீங்களும் ஒருக்காப் போடுங்கோ.’
போட்டார். அதே விடை.
இரண்டும் ஒரே இலக்கம்தான் என்று நம்ப
எனக்கு இன்னொரு தரம் பார்க்க வேண்டியிருந்தது.
அதை அவர் கண்டுவிட்டார்.

‘போய்ப் படுங்கோ டொக்டர்.
குழாயை நான் பார்க்கிறன்.’

சேலைன் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
ஒரு சில்லு நொண்டும் ஸ்ட்ரெச்சர்.
சப்பாத்தோடு சாய்ந்தேன்.
கண்ணுக்குள்ளே மொனிற்றரின் பச்சைக் கோடு
ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
வயல் வரம்பாகி, அதில் நான் நடந்து,
கால் வைக்க இடமில்லாமல்

ஆட்காட்டி கத்தியது. யன்னல் சாம்பல் நிறம்.
நாலே முக்கால்!
நெஞ்சு முதலில் ஓடியது, நான் பிறகு ஓடினேன்.

அமலதாஸ் ஒன்றும் பேசாமல்
குழாயைத் தலைகீழாகப் பிடித்தார்.
விழவில்லை.
அடியில் கறுத்துத் திரண்டு
வட்டிலப்பம் போல இறுகி இருந்தது.

‘எழுப்பியிருக்க வேணும்.’
‘வேறு ஆரும் வரேல்லை. வந்திருந்தா எழுப்பியிருப்பன்.
போன கிழமை காய்ச்சலோடு நான் படுத்த நேரம்
நீங்கள் எழுப்பினீங்களோ?’

அவதானிப்புத் தாளில் நீல மையில்:
2.20. உறைந்தது.
அதற்குக் கீழே பென்சிலால், சின்னதாக:
டொக்டரும்.

சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை,
இரண்டுக்கும் கொஞ்சம் பலம் வேண்டும்.
ரெக்கோட் அறைக்குப் போகும் தாள் என்பதால்
ரப்பர் தேடி அழித்தேன்.
எழுத்து போயிற்று. அமலதாஸ் அழுத்தி எழுதுகிறவர்,
பள்ளம் போகவில்லை.

புவனேசு கதிரையில் இருந்தபடி தூங்கிக்கொண்டிருந்தா,
சேலைத் தலைப்பின் நுனி
கணவனின் பெருவிரலில் கட்டியிருந்தது.
நான் கடக்கையில் கண் திறந்து கேட்டா:
‘பாம்பு எங்க பிள்ளை?’
தர்மாவதி விடியவே தாட்டுவிட்டா என்றேன்.
‘உரப்பை?’
அதை நான் யோசிக்கவில்லை.

எட்டு மணிக்கு வந்தவரிடம் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு
குவாட்டர்ஸ் கதவைப் பூட்டி
யன்னலுக்குப் போர்வை கட்டினேன்.
வெளியே அரிவு வெட்டும் மெஷின்,
கூரைத் தகரத்தில் குரங்குகள்.
கையில் இருந்த பாண் துண்டு
எப்போது முடிந்தது என்று தெரியாது.
போன் அதிர்கிறது. எடுத்தால் அதிரவில்லை.
மேசையில் கவிழ்த்து வைத்தாலும்
தொடைக்குள் அதிர்கிறது.

மறுபடி இரவு எட்டுக்குப் போக வேண்டும்.
பதினொரு மணித்தியாலம், சொச்சம்.
நித்திரை இன்னும் தண்ணியாகத்தான் கிடக்கிறது,
இந்தப் பக்கம் புரண்டால் இந்தப் பக்கம் ஓடுகிறது.

மல்லாந்து கிடக்கிறேன்.
அசைக்கக் கூடாது.
இருபது நிமிடம்.