கொஞ்சம் லேட்டா வருவான்

ஈக்காட்டுத்தாங்கலில் டயர் கடைக்கு மேல் மாடி.
மொத்தம் பதினொரு பேர்.
எடை மெஷின் விற்கிறோம், பழுது பார்க்கிறோம்,
வருஷம் ஒருமுறை முத்திரைக்கு எடுத்துப் போகிறோம்.
கம்பெனி பெயரில் மட்டும் இன்டர்நேஷனல் இருக்கிறது.

மோசஸ் சார் ஷார்ஜா கிளம்பிய அன்று கேக் வெட்டினோம்.
கேக்கைப் பார்த்தவர்கள் குறைவு.
எல்லோர் கண்ணும் அவர் கேபின் மேல்:
ப்ளைவுட் தடுப்பு, பாதிக்கு மேல் கண்ணாடி,
சக்கரம் வைத்த நாற்காலி,
மூடி தொலைந்து ரப்பர் பேண்ட் சுற்றிய ஏசி ரிமோட்.

அடுத்த மூன்று வாரம்
அக்கவுன்ட்ஸ் நூர்ஜஹான் எல்லோரிடமும் ஒரே அளவு சிரித்தாள்.
ஓனரின் மச்சான் மகன் டை கட்டி வந்தான், இரண்டு நாள்.
மூன்றாம் நாள் கரண்ட் இல்லை, கழற்றிவிட்டான்.
நான் சனிக்கிழமை ஏழரை வரை உட்கார்ந்து
போன வருஷத்துக் கொட்டேஷன்களுக்கு
மறுபடி நம்பர் போட்டேன்,
யாரும் கேட்காமலே.

டில்லிபாபு மட்டும் வழக்கம்போல்
எடைமேடைக்குக் கீழே மல்லாந்து கிடந்தான்.
லோட் செல்லைத் தொட்டே கோளாறு சொல்லுகிற கை.
ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள்.
பதினோரு வருஷ டீ, மெட்ரோ தூண் பக்கத்துக் கடையில்,
ஒருநாள் அவன் காசு, ஒருநாள் என் காசு.
கணக்குப் பார்த்தால் நான்தான் பாக்கி.

ஒரு செவ்வாய், அம்பத்தூர் பார்ட்டியைப் பார்க்க
ஓனர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.
பாடி மேம்பாலத்துக்கு முன் சிக்னல்.
எதிரே தண்ணி லாரி, சொட்டிக்கொண்டே.
ரேடியோவைக் குறைத்தார்.
"டில்லி ஆள் எப்படிப்பா?"

"தங்கமான பையன் சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"கொஞ்சம் லேட்டா வருவான்."

பொய்யில்லை.
ஏன் லேட் என்பதும் எனக்குத் தெரியும்.
அவன் மனைவிக்கு ஆறு மணி ஷிஃப்ட்.
பையனுக்குத் தலைவாரி, டிபன் கட்டி,
வியாசர்பாடி முனையில் ஸ்கூல் வேனுக்கு நிற்பான்.
வேன் வராத நாளில் ஒன்பது நாற்பது.
அதையும் சொல்வதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.

ஒன்றாம் தேதி புது விசிட்டிங் கார்டு, ஐநூறு,
மேனேஜரில் ஓர் எழுத்து தப்பு.
சம்பளத்தில் இரண்டாயிரம் கூட,
போன் ரீசார்ஜ் இனி என் தலையில்.
ரிமோட் என் மேஜையில்.

டில்லி வந்தான். கையெல்லாம் கிரீஸ் என்று
மணிக்கட்டை நீட்டினான்.
"கலக்குங்க சார்."
கிண்டலா, மரியாதையா, பிடிபடவில்லை.
நான் அவனை இன்னும் "டேய்" என்றுதான் கூப்பிடுகிறேன்.
அதுவும் இப்போது வேறு மாதிரி கேட்கிறது.

டீக்கு இறங்குவதில்லை.
கேபினுக்கே வருகிறது, பேப்பர் கப்பில், ஆடை படிந்து.
நூர்ஜஹான் என் பில்களைக்
கேள்வி கேட்காமல் பாஸ் செய்கிறாள்.
அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

லேட் ஸ்லிப்பில் நான்தான் கையெழுத்து.
ஒன்பது நாற்பதை ஒன்பதரை ஆக்குகிறேன்.
அவன் கேட்டதில்லை. நன்றி சொன்னதும் இல்லை.

இன்று காலை ஜன்னலில் பார்த்தேன்.
ஓனர் கார். முன் சீட்டில் டில்லி, மடியில் டூல் பை.
வடபழனிப் பக்கம் திரும்பியது.
அம்பத்தூராகத்தான் இருக்கும்.
சிக்னல் இருக்கும். ரேடியோ இருக்கும்.

ஓடாத வண்டிக்குப் போட்ட பெட்ரோல் பில்,
அந்தக் கும்மிடிப்பூண்டி கமிஷன்,
மோசஸ் சாரைப் பற்றி டீக்கடையில் நான் உளறியது.
எவ்வளவு உண்மை அவனிடம் இருக்கிறது!

மேஜையில், டெலிவரிக்கு, நகைக்கடை மெஷின் ஒன்று.
தட்டில் எதுவும் இல்லை.
ஆனாலும் 0.02 என்கிறது.
காற்று பட்டால் அப்படித்தான்,
டில்லி சொல்லிக்கொடுத்தது.
ஏசியை அணைத்தேன்.
ஃபேனை அணைத்தேன்.
மூச்சைக்கூடப் பிடித்துப் பார்த்தேன்.