எந்தக் கை

என் கடைக்குள் முதலில் நுழைவது காற்று.
பிறகுதான் ஆள்.
முன்பு இது மீனுக்கு உப்பிடும் கொட்டகை.
கூரைவரை நூற்கண்டு அடுக்கிய பிறகும்
மழைநாளில் சுவர்
தன் பழைய வேலையை மறப்பதில்லை.

ஃபாரோ தீவுகளின் தென்கோடி.
வாரத்தில் ஆறு நாள் மூடுபனி,
ஏழாம் நாள் கடைக்கு விடுமுறை.

பரிசு தேடி வருகிறவர்களை
எடுத்த எடுப்பில் நூலைத் தொட விடமாட்டேன்.
ஒரு முக்காலி. ஒரு கேள்வி.
யாருக்கு?

மனைவிக்கு என்பது பதில் ஆகாது.
அவள் சட்டையில் முதலில் நைந்துபோவது
முழங்கையா, மணிக்கட்டா?
குளிர்கிறது என்பாளா,
வாய் திறக்காமல் அடுப்புப் பக்கம் நகர்வாளா?
பலர் இந்த இடத்தில் விழிக்கிறார்கள்.
சிலர் எழுந்து சாக்லேட் வாங்கப் போய்விடுகிறார்கள்.
போகட்டும், சாக்லேட்டும் நல்லதுதான்.

மார்யுன் மட்டும் யோசிக்காமல் சொன்னாள்:
பக்கத்து வீட்டுக் கதவிடுக்கில்
இரவெல்லாம் காற்று சீட்டியடிக்கிறது.
இடுக்கின் நீளம் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர்.
அவர்கள் தேவாலயம் போயிருந்தபோது அளந்தேன்.
கனத்த கம்பளியில் ஒரு பாம்பு நெய்தோம்.
பொத்தானில் கண் கேட்டாள், வைத்தோம்.
இப்போது இரண்டு வீடும் தூங்குகின்றன.

பார்துர் வந்தது நவம்பரில்.
காலைப் படகில் கயிறு வீசுகிறவன்.
நனைந்த தொப்பியைக் கழற்றி
அதைப் பிழிந்துகொண்டே நின்றான்.

கையுறை வேண்டும். அண்ணன் ரோக்விக்கு.
ஐம்பது முடிகிறது.
அளவு?
என் கை மாதிரிதான். ஆனால்
இரண்டு விரல் கிடையாது.
சுண்டுவிரலும் மோதிரவிரலும்.
கிரீன்லாந்துப் பக்கம் வின்ச் இழுத்துக்கொண்டது.
எந்தக் கை?

தன் கைகளை மேசைமேல் வைத்தான்.
புரட்டினான், மறுபடி புரட்டினான்.
அவற்றில் எழுதியிருப்பதுபோல் பார்த்தான்.
வலது, என்றான்.
இல்லை, இடது.
பிறகு பேசவில்லை.

ஒரு படகுக் கொட்டகை, ஆளுக்குப் பாதி,
எங்கே பாதி என்பதில் பதினோரு வருடம்.
ஊருக்கே தெரியும்.
விபத்து நடந்தது எட்டாவது வருடம்.
ரோக்வி மாதம் ஒருமுறை
வலை தைக்கும் நூலுக்கு என்னிடம் வருவார்,
இதே மேசையில் சில்லறை எண்ணுவார்.
எந்தக் கை என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
தெரிந்ததையெல்லாம் விற்றுவிட்டால்
கடையில் என்ன மிஞ்சும்?

பார்த்துவிட்டு வா, என்றேன்.
கதவைச் சாத்தாமலே போனான்.

அன்றிரவே தொடங்கிவிட்டேன்,
சாயம் ஏறாத கருஞ்சாம்பல் நூலில்.
மழை பட்டால் கிடா வாசம் அடிக்கும் நூல்.
வலது கை, பெருவிரல் பிரியும் இடம் வரை.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தான்.
படகு நேர அட்டவணையின் பின்பக்கம்
பென்சிலால் சுற்றி வரைந்த ஒரு கை.
பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.
அதன்பின் கோடு சரேலென்று இறங்கி
மணிக்கட்டருகே நடுங்கியிருந்தது.
ஓரத்தில் காபிக் கோப்பை பதித்த வட்டம்.
கீழே, அவன் எழுத்தல்லாத எழுத்தில்:
இடது.
அதற்கு அடிக்கோடு வேறு.

மூன்று வருடமாக
மேசைக்கு எதிரே நின்றவரின் இடத்தை
என் வலமாகவே பார்த்திருக்கிறேன்.

அவன் முன்னாலேயே பிரிக்க ஆரம்பித்தேன்.
சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது நூல்.
என்ன அது? என்றான்.
ஒன்றுமில்லை, கை தவறிவிட்டது.

விலை சொன்னேன்.
தொப்பிக்குள் பார்த்தான்.
இரண்டு விரல் குறைகிறதே,
கொஞ்சம் குறைக்கக் கூடாதா?

கூடாது, என்றேன்.
இருக்கிற விரலுக்கு நேராகப் பின்னிக்கொண்டே போகலாம்.
இல்லாத விரலுக்குத்தான்
வேலை அதிகம்.