கைபிடிச் சூடு

நோர்வேயிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டியில்
சூடாகும் கைபிடி ரெண்டு.
"வாழைச்சேனை வெயிலுக்கா?" என்று சிரித்த ஹில்மி
என் விரல்களைத் தொட்டதும் சிரிப்பை விட்டான்.
மூன்று மணியிலிருந்து ஐஸுக்குள் கிடந்தவை,
வெளுத்து,
கிளச் எதுவென்று தெரியாமல்.

பற்றரி, ரிலே, நடுவில் ஒரு பியூஸ்.
சாவி திறந்தால் மட்டும் ஓடும்படி
சிவப்பு வயரை டாங்கிக்குக் கீழால் இழுத்தான்.
சுற்றிய டேப்பில் சூடைச் செதில் ஒன்றும் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் விடிய, கிரான் சந்தி தாண்ட,
விரல்கள்
ஒவ்வொன்றாய் எனக்குத் திரும்பி வந்தன.

சந்திவெளியில் கோனை அழுத்தினேன்.
பழைய பற்றரி. முனகியது.
ஒரு படலையும் திறக்கவில்லை.

சுவிச்சை நிறுத்தினேன். கோன் கத்தியது.
சட்டியோடு வந்த நேசமலர் அக்கா
மிச்சக் காசை வாங்கும்போது கேட்டா:
"கையென்ன, காய்ச்சலா?"