சவுண்ட் எப்படி என்று கேட்டிருந்தாய்

நிமலரூபன்,
பார்சல் வந்தது. சுங்கத்தில் பிரித்துத்
திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். தட்டுக்குச் சேதமில்லை.
நூற்றெண்பது கிராம்.
கையில் எடுத்தால் தாம்பாளத்தின் பாரம்.
அட்டையில்தான் நிறத்தைக் கூட்டிவிட்டார்கள்:
வித்துவானின் சால்வை
அந்த நாளில் இவ்வளவு சிவப்பாய் இருந்திருக்காது.

முதலில் மெஷினைப் பற்றி.
பெல்ட் அறுந்துபோக
சைக்கிள் ரியூப்பில் வளையம் வெட்டிப் போட்டிருக்கிறேன்.
ஒட்டுசுட்டான் வெயிலுக்கு அது இளகும்.
அதனால் பகலில் தோடி கால் கட்டை இறங்கி
இரவில் தன்னிடத்துக்கு வரும்.
நான் இரவில்தான் கேட்டேன்.
ஷட்டரை இழுத்துவிட்டு,
விடிய முத்தையன்கட்டுச் சாமத்தியவீட்டுக்குப் போகவேண்டிய
இரண்டு ஸ்பீக்கர் பெட்டியையும் இணைத்து,
பழையதை ஒருக்கால்
புதியதை ஒருக்கால்.

புதியதில்
சீவாளியின் ஈரம் கேட்கிறது.
மூச்சு எங்கே முடிந்து
நாதம் எங்கே தொடங்குகிறதென்று
விரல் வைத்துக் காட்டலாம்.
தவிலின் தொப்பிப் பக்கம் நெஞ்சில் வந்து இடிக்கிறது.
இடக்கைப் பக்கம், கொஞ்சம் பின்னுக்கு,
ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டிருக்கிறார்.
பழையதில் அவர் இருந்ததே எனக்குத் தெரியாது.
இத்தனை வருஷம்!
ஜால்ராதான் சரியில்லை,
தகரக் கூரையில் சில்லறை கொட்டினமாதிரி.
அந்த இடத்தில் கை வைத்தவர் யாரோ
ஹெட்போனுக்குள்ளே வளர்ந்த பிள்ளை.

பழையதின் கதை உனக்குத் தெரியும்.
உரப்பையில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டது.
மூன்று மழை மண்ணுக்குள்.
எடுக்கும்போது ஓரம் அப்பளம்போல் நெளிந்து,
இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல்:
மண்வெட்டி. என் கைதான்.
சுற்றுக்கு ஒரு டிக்.
நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று.
கேட்டுக் கேட்டு
தனியாவர்த்தனத்தில் அதையும் ஒரு சொல்லாகக்
காது சேர்த்துக்கொண்டுவிட்டது.
புதியதில் அந்த இடம் வர
தவில்காரர் ஒரு அடியை விட்டதுபோல்
திடுக்கிட்டேன்.
மூன்றுதரம் திருப்பிப் போட்டேன், தொடையில் தாளம் போட்டு.
அவர் கணக்குச் சுத்தம்.
பிழை என்னில்.

ஆனால் ஒன்று.
பின்னட்டையில் பெருமையாய் எழுதியிருக்கிறார்கள்,
உருப்படிகளுக்கு நடுவே
மையிருட்டு நிசப்தம் என்று.
பொய்யில்லை.
தோடி முடிய
பொரிவில்லை, இரைச்சலில்லை,
ஊசி தட்டில் இருப்பதே தெரியவில்லை.
நாலு வினாடி.

நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.
வயர்ச் சுருளுக்குப் பக்கத்தில்,
முழங்கை இரண்டாலும் காதை இறுக்கி,
வாயைத் திறந்துகொண்டு.

நீ எண்பத்தொன்பதில் போனவன், அதனால் சொல்கிறேன்:
அங்கே எழும்பின சத்தத்துக்கும்
இங்கே விழப்போகும் சத்தத்துக்கும் நடுவில்
எங்களுக்கு ஒன்று இருந்தது.
அதிலும் பொரிவில்லை.

பேந்து மோகனம் தொடங்கினது.
எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு
வால்யூமைத்தான் முதலில் பார்த்தேன்.
அது வைத்த இடத்தில்தான் இருந்தது.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்:
புதியது நல்லது. கனக்க நல்லது.
பழையது நல்லதென்று சொன்னால்
இருபது வருஷம் ஆம்ப் திருத்தின கைக்கு அது துரோகம்.
ஜால்ராவுக்காக மேல்சத்தத்தில் இரண்டு புள்ளி குறைத்திருக்கிறேன்.
போடும்போது மேசை விசிறியையும் போட்டுவிடுகிறேன்.
அதற்கொரு கிரீச் இருக்கு.
தோடிக்கு இடைஞ்சல்தான்,
இருக்கட்டும்.

அடுத்த பார்சலில் பெல்ட் ஒன்று வை,
அளவை நூலில் எடுத்து இதோடு சுற்றியிருக்கிறேன்.
மற்றது,
அட்டையை முன்னும் பின்னும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டேன்.
தாளம் போட்டவரின் பெயர்கூட இருக்கிறது.
ஒத்து ஊதினவரின் பெயர் இல்லை.
அந்தக் கொம்பனிக்கு ஒரு கடிதம் போட்டு
ஆரென்று கேட்டுச் சொல்.